கண்ணாடிச் சட்டத்துக்குள் பூவரசு

தம்பி,

உன் கம்பெனியின் காளவாசல் ஆபீஸ் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பது பாப்ளார் இலை இல்லை. பூவரசு இலை. அதைத் தாளில் ஒட்டிக் கொடுத்தது நீ.

இதைச் சந்தேகமாக எழுதவில்லை. என் சந்தேகங்கள் இனிமேல்தான் வரும், அவை நிறைய இருக்கின்றன. இது மட்டும் அந்தத் தாளை என் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது. போன வாரம் நீ புதுப் பெட்டியோடு பெங்களூருக்கு ரயிலேறியபோது, உன் அப்பா பிளாட்பாரத்தில் முன்பின் தெரியாத ஆட்களிடமெல்லாம் "மகன் ஆலோசகரா போறான், மரக் கம்பெனியில" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கையசைக்கவில்லை. நீ அதைப் பார்த்தாய், பார்க்காதது போல உள்ளே போய் உட்கார்ந்தாய். அதனால்தான் இந்தக் கடிதத்தை மூடி ஒட்டாமல் எழுதுகிறேன். உனக்கு ஒன்று வரும். செல்லூரில் நம் தெருவுக்கு ஒன்று, சித்தப்பா ஊருக்கு ஒன்று நகல் எடுத்துக் கொடுக்கப்போகிறேன். வீட்டுக்குள் வைத்துக் கேட்டபோது நீ வழுக்கிக்கொண்டு போய்விட்டாய். நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்டால் என்ன செய்வாய் என்று பார்க்கிறேன்.

நீ தாவரவியல் எடுத்தபோது தெருவே சிரித்தது. "செடி கொடியப் படிச்சு என்னத்தப் பண்ணப் போறான், நாட்டு வைத்தியமா?" என்று விசைத்தறிக் கொட்டகையில் உன் அப்பாவைக் கேலி பண்ணினார்கள். தறிச் சத்தத்தில் காது மந்தமாகியிருந்ததால் அவருக்குப் பாதிதான் கேட்டது, அந்தப் பாதிக்கே ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. எனக்குக் கவலை இல்லை. எனக்கு இடம்தான் கவலை. நம் ஒற்றை அறையில் நீ கொண்டுவந்த இலையெல்லாம் செய்தித்தாளுக்குள் போய், என் தையல் மிஷின் பலகைக்கு அடியில் அழுத்தத்துக்குப் போனது. ஈரத்தாளை மாற்றிக் காய்ந்த தாள் வைத்தது நான். காய்ந்த கிளையை அட்டைத் தாளில் நூல் போட்டுத் தைத்ததும் நான். முதல் தாளில் பிளவுஸுக்குக் கொக்கி வைப்பது போலத் தைத்துவிட்டேன். "ஏம்மா, இதென்ன தப்பிச்சு ஓடவா போகுது?" என்று நீ சிரித்தாய். பிறகு கற்றுக்கொண்டேன். உன் வகுப்பில் எல்லாருடைய தாளும் பசையில் ஊறிக் கிடக்க, உன் தாள் மட்டும் தையலில் நின்றது. வாத்தியார் கேட்டதற்கு "எங்கம்மா தைச்சது சார்" என்று நீ வெட்கப்படாமல் சொன்னதாக உன் கூட்டாளி வந்து சொன்னான். அந்தப் பையனை, அப்படிச் சொன்ன பையனை, நான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

தைக்கும்போது நீ எனக்குச் சட்டம் சொல்வாய். ஒரு இலை மேல்பக்கம் காட்ட வேண்டும், ஒரு இலையையாவது திருப்பி அடிப்பக்கம் காட்ட வேண்டும். நூலோ பட்டையோ காம்பை மறைக்கக் கூடாது. "காம்பையும் அடிப்பக்கத்தையும் மறைச்சா அது பொய்த் தாளும்மா. பாக்குறவன் எதை வச்சு அடையாளம் கண்டுபிடிப்பான்?" இதைச் சொன்னது நீ. எனக்கு வேறு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

எம்.எஸ்ஸி. படிக்கும்போது கல்லூரியில் வடக்கே கூட்டிக்கொண்டு போனார்கள். எல்லாப் பிள்ளைகளும் அம்மாவுக்குச் சால்வை வாங்கி வந்தார்கள், நீ ஒரு பாப்ளார் மரக்கிளை கொண்டுவந்தாய். நான் பார்த்துவிட்டு, "பூவரசங்கிளையைப் பொறுக்கவா அம்புட்டு தூரம் போன?" என்றேன். நீ தெருமுனைக்கு ஓடி ஒரு பூவரசு இலையும் பறித்து வந்து, தரையில் உட்கார்ந்து, இரண்டையும் என் கையில் கொடுத்தாய். "இதோட விளிம்பைத் தடவிப் பாரு. ரம்பம் மாதிரி பல்லு இருக்கா? பூவரசு வழவழன்னு இருக்கும். இப்பக் காம்பை ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு உருட்டு. பூவரசு உருளும். இது உருளாது, பக்கவாட்டுல தட்டை, நாடா மாதிரி. அதுனாலதான் லேசாக் காத்தடிச்சாலே இலையெல்லாம் நடுங்கும்." பூவரசு இலையைத் திருப்பி, நடு நரம்பு தொடங்கும் இடத்தில் ஒரு சின்னக் குழியைக் காட்டினாய். எறும்பு தேன் குடிக்க அங்கேதான் வருமாம். பிறந்ததிலிருந்து பூவரசு மரத்தைப் பார்க்கிறேன், அந்தக் குழியை அன்றைக்குத்தான் பார்த்தேன். இவ்வளவு சொன்னவனிடம் நான் இன்னொன்றும் கேட்டேன். "இந்த மரம் நம்ம பக்கம் வருமாடா?" நீ யோசிக்கவே இல்லை. "வராதும்மா. பனிக்காலத்துல இலையை எல்லாம் உதிர்த்துட்டுத் தூங்குற மரம் இது. மதுரையில அது எப்பத் தூங்கும்?"

இதை வைத்துக்கொண்டு இப்போது காளவாசல் கல்யாண மண்டபத்துக்கு வா.

படிப்பை முடித்து நீ சேர்ந்த மரக் கம்பெனிக்காரர்கள் கூட்டம் போட்ட அன்றைக்கு வாசலில் பன்னீர் தெளித்தார்கள். சந்தனம், கேசரி, காப்பி எல்லாம் இருந்தது. வாங்குகிறவன் வியாபாரம் பேசுவதற்குள் இத்தனை உபசாரம் செய்தால் நான் முந்தானையில் முடிந்த காசைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். மேடைக்குப் பக்கத்தில் பெரிய பெரிய போட்டோக்கள். தூண் நட்டது போல நேர்நேராக மரங்கள், நடுவே கோதுமை, பின்னால் மூடுபனி. திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே இருக்கிற ஊர்களிலிருந்து தோப்புக்காரர்கள் வேன் வேனாக வந்திருந்தார்கள். உன் சித்தியும் சித்தப்பாவும் முன் வரிசை. நீ பேசப்போகிறாய் என்பதால் வந்தவர்கள். நான் அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

டை கட்டிய மேனேஜர் மைக்கைப் பிடித்து, இந்தப் பாப்ளார் மரம் தீக்குச்சிக்கும் பிளைவுட்டுக்கும் போகும், சிவகாசிக்காரனும் சாத்தூர்க்காரனும் உங்கள் வாசலில் வரிசையில் நிற்பான் என்றார். நிலத்தைக் கம்பெனிக்கு நீண்ட குத்தகைக்கு எழுதிக் கொடுத்தால் போதும், கன்று, உரம், ஆள் எல்லாம் அவர்கள் பொறுப்பு, வெட்டும்போது பங்கு. ஒரே ஒரு நிபந்தனை, நிலம் வெறும் நிலமாக இருக்க வேண்டும். இருக்கிற மரத்தை நாமே வெட்டி, வேரைப் பிடுங்கிக் கொடுத்துவிட வேண்டும். உன் சித்தப்பா அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். போட்டோவைக் காட்டி, "மாப்ள, அந்தாளப் பாரு, சுவெட்டரப் போட்டுக்கிட்டுக் களை எடுக்குறான். இங்க மார்கழியில பனியன் போட்டாலே வேர்க்குது" என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். அந்த வரிசையே சிரித்தது. மேனேஜரும் சிரித்தார். சிரித்துவிட்டு, "அந்தச் சந்தேகம் வரும்னு தெரியும். நம்ம மதுரை வெயில்ல, நம்ம சொந்த சோதனைப் பண்ணையில வளந்த மரத்தோட இலையே இங்க இருக்கு" என்று கண்ணாடிச் சட்டத்தைத் தூக்கிக் காட்டினார். காட்டிவிட்டு, உன்னைப் பேசக் கூப்பிட்டார்.

நீ பேசியதை நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். போட்டோவைத் தொட்டுத் தொட்டு, இது பாப்ளார், இதன் பட்டை இப்படி, கிளை இப்படி, வடக்கே இத்தனை மாநிலத்தில் வளர்க்கிறார்கள் என்று அழகாகச் சொன்னாய். எழுதி வைத்துப் படிக்கவில்லை. எனக்கே ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைந்தது. அப்போதுதான் சித்தப்பா எழுந்தார். "ஏப்பா, தப்பா நினைக்காத. அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்குறது நம்ம பூவரசு மாதிரியில்ல இருக்கு?" மண்டபம் கொல்லென்று சிரித்தது. "யோவ், இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதிப் பாத்துரு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே, "ரெண்டு மரத்துக்கும் இலை பாக்குறதுக்கு ஒரே மாதிரித்தான் சித்தப்பா இருக்கும். படிக்கிற பயலுகளே குழம்புவாங்க" என்றாய். கைதட்டினார்கள். சித்தப்பா தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தார். சரியாகச் சொன்ன ஒரே ஆளை, ஊரே சிரிக்கும்படி உட்கார வைத்தாய்.

மறுநாள் நான் ஆபீசுக்குப் போனேன். மேனேஜர், "சாரோட அம்மாவா? உக்காருங்கம்மா, கூல் டிரிங்க்ஸ் சொல்றேன்" என்று எழுந்து நின்றார். நான் உட்காரவில்லை, சுவருக்குப் பக்கத்தில் போனேன். இலை பழுத்துக் காய்ந்து பழுப்பாக இருந்தது. விளிம்பில் பல் இல்லை. ஒவ்வொரு காம்பின் மேலும் குறுக்காக வெள்ளைக் காகிதப் பட்டை, அகலமாக, அழகாக, அளவெடுத்து வெட்டியது. ஒரு இலைகூடத் திருப்பி ஒட்டப்படவில்லை.

"அடிப்பக்கம் காட்டலையே, ஏன்?" என்று கேட்டேன்.

"அடிப்பக்கத்துல என்னம்மா இருக்கு? மேல்பக்கம்தான பாக்க நல்லாருக்கும்" என்றார்.

அவருக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியாது, முகத்தைப் பார்த்ததுமே புரிந்தது. எதை மறைக்க வேண்டும் என்று தெரிந்த ஆள் அந்தக் கம்பெனியில் ஒருவன்தான். மறைக்க வேண்டியதை மட்டும் குறி வைத்து மறைக்க, அந்த மரத்தை நன்றாகப் படித்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியிலிருந்து உன் பழைய தாள் கட்டை எடுத்தேன். வடக்கே இருந்து வந்த பாப்ளார் தாளைச் சித்தப்பாவிடம் காட்டி, விளிம்பைத் தடவச் சொல்லலாம் என்று நினைத்தேன். வேம்பு இருந்தது, ஆவாரை இருந்தது, எருக்கு இருந்தது. அந்தத் தாள் மட்டும் இல்லை. எலி கடித்திருந்தால் நூலாவது கிடக்கும். நீ எடுத்திருக்கிறாய். கூட்டத்துக்கு முன்பே எடுத்தாயா, சித்தப்பா கேட்ட பிறகு எடுத்தாயா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. முன்பே என்றால் நீ எல்லாம் திட்டம் போட்டுச் செய்தவன். பிறகு என்றால் பயந்துபோய்ச் செய்தவன். பயந்தவனாக இருக்க வேண்டும் என்று சாமி கும்பிடுகிற நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டாய்.

மறுநாள் காலையில் நீ முகம் மழித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "அது பூவரசுதானே?" கண்ணாடியிலிருந்து நீ திரும்பவில்லை. "எதும்மா?" என்றாய். சொன்னேன். தாளைக் காணவில்லை என்றும் சொன்னேன். சோப்பு நுரையோடு நின்று, "போட்டோவுல இருக்குறது பாப்ளார்னு சொன்னேன். அது பாப்ளார்தான். சட்டத்துக்குள்ள இருக்குறதை நான் எங்கயாவது பாப்ளார்னு சொன்னேனா? நீயே யோசிச்சுப் பாரும்மா" என்றாய்.

யோசித்துப் பார்த்தேன். பிளவுஸுக்குக் கை வெட்டும்போது யோசித்தேன், ரேஷன் வரிசையில் நின்று யோசித்தேன். நீ சொன்னது சரி. மேடையில் நீ ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இலைகள் ஒரே மாதிரி இருக்கும் என்றாய், உண்மை. பயல்கள் குழம்புவார்கள் என்றாய், உண்மை. பொய்யை மேனேஜர் சொன்னார், அவருக்கு அது பொய் என்றே தெரியாது. தெரிந்தவன் பொய் சொல்லவில்லை, சொன்னவனுக்குத் தெரியவில்லை. நாளைக்கு யார் மேலும் வழக்குப் போட முடியாது. இப்படி ஒரு ஏற்பாட்டை யார் கண்டுபிடித்தது? நீயா, அவர்களா? நீ என்றால், இதற்காகவா உன்னைப் படிக்க வைத்தோம்?

இனி என் சந்தேகங்கள். அவர்கள் குத்தகைக்குக் கேட்கிற நிலங்களை உன் சித்தியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். நல்ல தண்ணீர் உள்ள கிணறு, நல்ல மண் என்று பார்த்து அவர்கள் கேட்கவில்லை. உவர் மண்ணையும் கேட்கிறார்கள், கல்லாங்காட்டையும் கேட்கிறார்கள். ஊருக்கு வெளியே சுற்றி ஒரு பெரிய ரோடு வரப்போவதாகப் பேச்சு இருக்கிறதே, அது போகும் என்று சொல்கிற பக்கம்தான் எல்லாம். மரம் வளர்க்க வந்தவனுக்கு ரோடு எதற்கு? குத்தகைப் பத்திரத்தில் கம்பெனிக்காரன் யாருக்கு வேண்டுமானாலும் கை மாற்றிவிடலாம் என்று ஒரு வரி இருப்பதாக, அதைப் படித்த ஒரு தோப்புக்காரர் சொன்னார். கன்று பட்டுப்போனால் நிலத்துக்காரன் சரியாகத் தண்ணீர் காட்டவில்லை என்றும் ஒரு வரி இருக்குமோ என்னமோ, நான் பார்க்கவில்லை. என்னால் எதையும் நிரூபிக்க முடியாது. வராத மரத்துக்காக நிற்கிற மரத்தை ஏன் வெட்டச் சொல்கிறான் என்று மட்டும்தான் கேட்க முடியும்.

உன்னை ஏன் பிடித்தார்கள் என்பதும் எனக்குச் சந்தேகம். உன் வகுப்பில் உன்னைவிட மார்க் வாங்கியவர்கள் இருந்தார்கள். பெரிய வீட்டுப் பிள்ளைகள், இங்கிலீஷில் மழை பொழிகிறவர்கள். அவர்கள் சொன்னால் உன் சித்தப்பா கேட்டிருப்பாரா? நம்மைப் போன்ற தெருவிலிருந்து ஒருத்தன் படித்து வந்தால், அவன் வாயிலிருந்து வருவதைச் சொந்தக்காரன் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நம்புவான். ஏமாற்றப் பிறந்தவன் இல்லை இவன், நம்மைப் போலப் பட்டினி கிடந்தவன் என்று நம்புவான். அந்த நம்பிக்கையைத்தான் சம்பளம் கொடுத்து எடுத்துப் போயிருக்கிறார்கள். உன் அப்பாவிடம் சொன்னேன். "இந்தா, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு. தறியில நின்னு நான் செவிடானது போதும். அவனாவது ஃபேனுக்கு அடியில உக்காரட்டும்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உன்னைச் சொல்ல வருகிறது. நீ ஃபேனுக்கு அடியில் உட்காருவதற்குச் சித்தப்பாவின் தோப்பு எதற்குச் சாய வேண்டும்?

அவர் தோப்பு உனக்குத் தெரியாததா? பரீட்சை லீவெல்லாம் நீ அங்கேதான் கிடந்தாய். கொய்யா இப்போது நல்ல காய்ப்பில் இருக்கிறது. உன் சித்தி தினமும் கூடையில் கட்டி பஸ்ஸில் ஏற்றுகிறாள், அதில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. நான் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விளிம்பு, காம்பு, குழி, காணாமல் போன தாள், எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "ஏன் மதினி, பெத்த புள்ள பெரிய ஆளாகுறது உங்களுக்கே பொறுக்கலையா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பாவப்பட்டுச் சொன்னார். சித்தி மட்டும் என் பக்கம் திரும்பி, "எக்கா, அன்னைக்கு அவரு கேட்டதுக்குப் புள்ள ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லலல்ல?" என்றாள். அவளுக்கு உறைத்திருக்கிறது. சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "சரி மதினி. அவன் என்கிட்ட அவன் வாயால வேணாம்னு சொல்லட்டும். ஒரு கிளையக்கூடத் தொட மாட்டேன். அவன் சொல்லலேன்னா ஞாயித்துக்கிழமை வெட்டு. ஆளுக்குச் சொல்லியாச்சு, மிஷின் ரம்பமும் சொல்லியாச்சு."

உன் பேச்சு மேல் அவருக்கு இன்னும் அவ்வளவு நம்பிக்கை இருக்கிறது. அது எனக்கு அவமானமாக இருக்கிறது.

நேற்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து உன் பெங்களூர் ஆபீசுக்குப் பேசினேன். நீதான் எடுத்தாய். சித்தப்பா சொன்னதைச் சொன்னேன். அவர் ஊர் டீக்கடை நம்பரையும் சொன்னேன், சாயங்காலம் அங்கேயே உட்கார்ந்திருப்பார் என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ உன்னைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. "அம்மா, மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசுறேன்" என்றாய். அவர் இருட்டும் வரை டீக்கடையில் உட்கார்ந்திருந்தாராம். போன் வரவில்லை என்று சித்தி இன்று காலை முதல் பஸ்ஸில் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

வேலையை விடச் சொல்லி நான் எழுதவில்லை. மேடை போட்டு மன்னிப்புக் கேட்கவும் சொல்லவில்லை. கம்பெனியைக் காட்டிக் கொடுக்கத் தைரியம் இல்லையென்றால் அதையும் விடு. அவர் உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான், ஆமாம் என்றோ இல்லை என்றோ முடிகிற கேள்வி. இலைகள் ஒரே மாதிரி இருக்கும் என்று மறுபடி ஆரம்பிக்காதே. ஞாயிற்றுக்கிழமை ரம்பம் வந்துவிடும். அதற்குள் அந்த மனுஷனுக்குப் போன் போட்டுச் சொல்.

வெட்டலாமா, கூடாதா?